கிணற்றடியில் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஐ ஒட்டி எங்கள் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் மன்றம் வேலூரில் நடத்திய கண்காட்சியும் கருத்தரங்கும் நல்லபடியாக நடந்தேறின. பொன்னாடை போர்த்த வேண்டியவர்களுக்குப் போர்த்தியாயிற்று. துணைவேந்தர் முதல் துறைத்தலைவர்கள் வரை அனைவருக்கும் நன்றியுரையில் நன்றி கூறியாயிற்று. இந்த மடல் மேடை ஏறாதவர்களுக்கு.

முதலில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் கிணற்றுக்காரர்கள். தண்ணீர் மாதிரி எடுக்கும் முன் மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். மும்முனை மின்சாரமோ தன் நேரத்துக்குத்தான் வரும். அதற்காக விடியுமுன்பே எழுந்து வரப்பில் காத்திருந்தவர்கள் உண்டு. உப்புச் சோதனைக்கு ஒரு பாட்டில், தோல் பதனிடப் பயன்படும் உலோகமான குரோமியத்தின் சோதனைக்கு இன்னொன்று. இரண்டாவதில் மாணவர் நைட்ரிக் அமிலம் சொட்டுவதைப் பார்த்த ஓர் அம்மா, "ஏற்கெனவே கலந்தது போதாதென்று நீங்கள் வேறு ஊற்றுகிறீர்களா?" என்று அதட்டினார். உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டாமலிருக்கத்தான் என்று விளக்கிய பிறகு, அடுத்த பாட்டிலைத் தாமே பிடித்துக்கொண்டார்.

அந்த அதட்டலுக்குக் காரணம் இருக்கிறது. பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்சாலைக் கழிவு தொடர்பாக, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக அதிலேயே பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இந்த வழக்கைத்தான். அதன்பின் பாட்டிலோடு வந்தவர்கள் பலர், முடிவைச் சொல்லத் திரும்பி வந்தவர்கள் சொற்பம் என்று ஊரில் குறைப்பட்டார்கள். அது நியாயமான குறை.

இம்முறை ஒவ்வொரு கிணற்றுக்கும் அரைப்பக்கத் தமிழ் அறிக்கை தந்திருக்கிறோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை, குரோமியம் 0.05-ஐத் தாண்டக் கூடாது. பக்கத்திலேயே அவரவர் கிணற்றின் அளவு. இதற்காக விடுமுறையிலும் ஆய்வகத்தைத் திறந்து வைத்த உதவியாளர் அண்ணனுக்கு எங்கள் துறை கடன்பட்டிருக்கிறது. பணி ஓய்வுக்கு முந்தைய மாதத்தில் இப்படி உழைக்க எல்லோருக்கும் மனம் வராது.

அதே வாரத்தில் எங்கள் ஆய்வு மாணவி ஒருவரின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வும் நடந்தது. அவருக்கு வாழ்த்துகள். புறத் தேர்வாளரின் கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொன்னவரை, பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு விவசாயி கேட்ட கேள்விதான் நிறுத்தியது: "இந்தத் தண்ணீரை நம்பித் தென்னை வைக்கலாமா, அம்மா?" தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும், மண்ணில் குரோமியம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்காமல் கன்று வாங்க வேண்டாம் என்றார். அன்றைக்குக் கேட்ட கேள்விகளிலேயே சிறந்தது அதுதான் என்பது என் கருத்து. கேட்டவருக்குத் தனி நன்றி.

கண்காட்சியில் மாணவர்கள் "மரமில்லா மலை, நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில்" என்ற வேலூர்ப் பழமொழியை எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், மூன்றாவதை அடியுங்கள் என்று ஒரு பெரியவர் பேனாவை நீட்டினார். அடித்துவிட்டோம், ஐயா.

பிளாஸ்டிக் கோப்பை இல்லாமல் எவர்சில்வர் டம்ளரிலேயே தேநீர் தந்து, அத்தனையையும் கழுவி அடுக்கிய கேண்டீன் அம்மாக்களுக்கும், கூட்டம் கலைந்தபின் வளாகத்தைப் பெருக்கிய தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி.

அறிக்கை இன்னும் கைக்கு வராத கிணற்றுக்காரர்கள் தங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். மழைக்குப் பிறகு மறுபடியும் மாதிரி எடுக்க வருவோம். மோட்டார் போட வேண்டிய நேரத்தை இம்முறை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர், சுற்றுச்சூழல் மன்றம்