அரையாண்டு நிறைவும் அருங்காட்சியக ஒப்படைவும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நடந்து முடிந்தன. திருத்திய விடைத்தாள்கள் மாணவர்களிடம் கொடுக்கப்பட்டுவிட்டன. தேர்ச்சி அட்டையில் கையொப்பமிட்டு, பள்ளி திறக்கும் நாளில் தவறாமல் கொடுத்தனுப்புங்கள். விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் உற்சாகமாகப் பங்கேற்றுப் பரிசுகளும் பெற்றுள்ளனர். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, அறிவியல் கண்காட்சி ஆகியவற்றிலும் அவ்வாறே. பள்ளி வளாகத்தில் நட்ட மரக்கன்றுகள் மழையைத் தாண்டி நிற்கின்றன. பங்கேற்ற அனைவருக்கும் பாராட்டுகள். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் உள்ளது.

ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்று வந்ததும் இந்தப் பருவத்தில்தான். அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பயணத்தில் குறை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள், கண்ணாடிப் பேழைகளில் சாயவில்லை, திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால் மட்டும் எதிர்பார்த்த அளவுக்குக் கூச்சல் போட்டார்கள். 1851இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் அது. இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அடுத்தபடியாக மூத்தது. ஆந்திரத்து அமராவதியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், சோழர் காலச் செப்புத் திருமேனிகள், தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது என்பதால்தான் ஒப்படைவை எளிமையாக வைத்தோம். ஒவ்வொரு மாணவரும் தனக்குப் பிடித்த மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றின் முன்னால் நின்று பென்சிலால் வரைய வேண்டும். ஒவ்வொன்றைப் பற்றியும் ஐந்து வரி எழுத வேண்டும். அங்கே தொடங்கியதை வீட்டில் முடித்துவர ஒரு வாரம் அவகாசம் கொடுத்தோம்.

அந்த ஒரு வாரத்தில் நடந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திரும்பி வந்த நோட்டுகளில் பெரும்பகுதி பளபளவென்று இருந்தது. கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டிய படங்கள், ஓரத்தில் ஜிகினா, தட்டச்சு செய்த தலைப்புகள், தவறே இல்லாத வாக்கியங்கள். சில நோட்டுகளில் எழுத்தும் பிள்ளைகளுடையது அல்ல. எங்கள் ஆசிரியர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று தயவுசெய்து நினைத்துவிட வேண்டாம். உங்கள் விடுப்பு விண்ணப்பங்களை ஆண்டு முழுவதும் படிப்பவர்கள் அவர்கள்தான்.

பிள்ளைக்கு உதவ நினைப்பது இயல்பு. பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, இரவில் உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. அந்த அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த உதவியால் என்ன காணாமல் போனது என்பதை மூன்று பொருள்களை வைத்துச் சொல்ல விரும்புகிறேன். நான் வரலாற்று ஆசிரியராக இருந்தவன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, திருவாலங்காட்டு நடராசர். எழும்பூர்ச் சேகரிப்பின் மிகப் புகழ்பெற்ற திருமேனி இதுவாகத்தான் இருக்கும். நாம் காலண்டரிலும் பூசையறையிலும் பார்த்துப் பழகிய நடராசருக்குச் சுற்றிலும் தீச்சுடர்கள் கொண்ட திருவாசி இருக்கும். சடை இருபுறமும் விரிந்து பறக்கும். திருவாலங்காட்டு நடராசருக்கு இன்று திருவாசியும் இல்லை, விரிசடையும் இல்லை. அதனால்தான் உடலின் சுழற்சி, தூக்கிய காலின் வீச்சு, முயலகன்மேல் ஊன்றிய காலின் உறுதி எல்லாம் மறைப்பின்றித் தெரிகின்றன. ஒட்டப்பட்டிருந்த படங்களில் ஏறக்குறைய அனைத்திலும் திருவாசி இருந்தது. அதாவது, அவை வேறு ஏதோ ஓர் ஊர் நடராசர்.

அதையாவது விட்டுவிடலாம். ஒரு மாணவி பார்த்தபடியே வரைந்திருந்தாள். கால் சற்றுக் குட்டை, ஒரு கை நீளம், ஆனால் திருவாசி இல்லாமல், சடை இல்லாமல், சரியாக. அந்தப் படத்தைச் சுற்றி, காம்பஸ் வைத்து ஒரு வட்டம் போட்டு, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வரிசையாகத் தீச்சுடர்களை யாரோ சேர்த்திருக்கிறார்கள். ‘வீட்டில் திருத்திக் கொடுத்தார்கள்’ என்றாள். சரியாக இருந்ததைத் தவறாக்கியது அந்தத் திருத்தம். இனி தன் கண்ணை நம்புவதா, பெரியவர்களை நம்புவதா என்று அந்தப் பிள்ளை குழம்பினால், அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இதே நடராசரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். சென்னைக்கு வந்து பார்த்து எழுதியதல்ல. புகைப்படங்களைப் பார்த்து எழுதியது. ‘ரோதானே படத்தைப் பார்த்துத்தானே எழுதினார்’ என்று உங்களில் ஒருவர் வாதிடக்கூடும். உண்மைதான். ஆனால் எழுதியவர் ரோதான். அவருடைய அப்பா எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். இந்தத் திருமேனிக்குக் கைகள் மூன்று. சிவன் பாகத்தில் இரண்டு, அம்மை பாகத்தில் ஒன்று. நோட்டுகளில் நான்கு கைகள் கொண்ட அர்த்தநாரீசுவரர்களைப் பார்த்தேன், இரண்டே கைகள் கொண்டவர்களையும் பார்த்தேன். எங்கிருந்து வந்தார்களோ தெரியாது. ஒரே ஒரு பையன் மூன்று கைகளை வரைந்துவிட்டு, அருகில் இப்படி எழுதியிருந்தான்: ‘வலது பக்கத்துக் கை ஒன்று சும்மா அந்தரத்தில் மடங்கி நிற்கிறது. அதற்குக் கீழே ஏதோ இருந்திருக்க வேண்டும்.’ காளையின்மேல் ஊன்றும் கை அது. காளை இப்போது அங்கே இல்லை. யாரும் சொல்லாமல், ஒரு கையின் மடிப்பை வைத்தே இல்லாத காளை வரைக்கும் அவன் போயிருக்கிறான். அவனுடைய ஐந்து வரியில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. முழு மதிப்பெண் போடச் சொன்னேன்.

செப்புத் திருமேனிகளைப் பொறுத்தவரை, ‘எந்த நடராசரானால் என்ன, எல்லாம் ஒன்றுதானே’ என்று சொல்லவும் வழியில்லை. தேன்மெழுகில் உருவத்தைச் செய்கிறார்கள்; அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள்; அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். உடைந்த அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. சுவாமிமலையில் இன்றைக்கும் இந்த முறையில்தான் வார்க்கிறார்கள். ஆகவே ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. எதன் முன்னால் பிள்ளை நின்றதோ அதைத்தான் அந்த நோட்டு காட்ட வேண்டும்.

மூன்றாவது, ஆயுதங்களும் கவசங்களும். இங்கேதான் எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. வகுப்பு வேறு, பிரிவு வேறு, ஆனால் பல நோட்டுகளில் ஒரே படம்: தலை முதல் கால் வரை எஃகுக் கவசம் பூண்ட வீரன், அவனைத் தாங்கும் குதிரைக்கும் முழுக் கவசம். படத்துக்குக் கீழே ‘வாலஸ் சேகரிப்பு, லண்டன்’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த வரியைக்கூட யாரும் வெட்டி எடுக்கவில்லை. அற்புதமான கவசம்தான், மறுக்கவில்லை. 1480ஐ ஒட்டித் தென் ஜெர்மனியில் செய்யப்பட்டது. அது இருக்கும் வாலஸ் சேகரிப்பின் கதை இது: ஓவியங்கள், பீங்கான், அறைகலன், ஆயுதங்கள் என்று ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்தவற்றை, அக்குடும்பத்தின் கடைசி உரிமையாளரான சீமாட்டி நாட்டுக்கு எழுதிவைத்தார். 1900 முதல் அந்தச் சேகரிப்பு பொதுமக்களுக்கான அருங்காட்சியகம். உங்கள் பிள்ளை ஒரு நாள் அங்கேயும் போய்ப் பார்க்கட்டும், மகிழ்ச்சி. ஆனால் நம் பஸ் எழும்பூரைத் தாண்டவில்லை.

எழும்பூரில் இருப்பவை வேறு. தஞ்சையின் மராட்டிய மன்னர் 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போனது. அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றுள் ஒரு பகுதி இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. வேலைப்பாடு மிகுந்த அங்குசங்கள், வாள்கள், கட்டாரிகள். கட்டாரியைப் பிடிக்கும் விதமே தனி: கைப்பிடி அலகுக்குக் குறுக்காக இருக்கும், முட்டியை மடக்கிக் குத்துவிடுவது போலப் பிடிக்க வேண்டும். தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றின் அலகு இந்த நாட்டில் அடித்ததே அல்ல. ஐரோப்பிய வாள்களின் அலகை இங்கே நம் கைப்பிடியில் பொருத்தியிருக்கிறார்கள். துறைமுகங்கள் வழியாக மிளகும் துணியும் வெளியே போயின, இரும்பு உள்ளே வந்தது என்று பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதும் சொல்வதை ஒரே ஒரு கட்டாரி சொல்லிவிடும்.

ஒரு மாணவன் வாளின் பிடியை மட்டும் பெரிதாக வரைந்து, ‘இதற்குள் என் கையே நுழையாது போலிருக்கிறது, அந்தக் காலத்து வீரர்களின் கை அவ்வளவு சிறியதா?’ என்று கேட்டிருந்தான். பெரிய ஆராய்ச்சியாளர்கள் விவாதித்திருக்கும் கேள்வி இது. கை சிறியது என்பார் உண்டு. பிடி நழுவாமல் இறுக்கமாக இருக்கவே அப்படிச் செய்தார்கள் என்பார் உண்டு. எந்த இணையப் படமும் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்குள் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்காது. படத்தில் அளவு தெரியாது. பேழையின் முன்னால் நின்று தன் கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இனிச் சில விஷயங்களை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

பிரிண்ட் எடுத்து ஒட்டிய நோட்டுகளுக்கும், பெரியவர்கள் எழுதிய நோட்டுகளுக்கும் மதிப்பெண் வழங்கப்படவில்லை, வழங்கப்படவும் மாட்டாது. இது குறித்து வகுப்பாசிரியர்களை இரவு நேரத்தில் போனில் அழைத்து வாதிடுவது இன்றோடு நிற்க வேண்டும். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எட்டு, என் பிள்ளைக்கு எப்படிச் சுழியம்’ என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தானே வரைந்தது, அவ்வளவுதான் காரணம். ஆசிரியரிடம் பேசிய தொனி சில வேளைகளில் எல்லை மீறியிருக்கிறது என்பதையும் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் என்னிடம் வாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அறையில் இருப்பேன். நோட்டையும் கொண்டு வாருங்கள், பிள்ளையையும் அழைத்து வாருங்கள். மூவரும் சேர்ந்து பார்ப்போம்.

பிள்ளைகளைத் தண்டிப்பது நோக்கமல்ல. விடுமுறை முடிந்ததும், ஓவிய வகுப்பில் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கியிருக்கிறோம். நினைவில் இருப்பதை வைத்து அவர்கள் மறுபடியும் வரையலாம், எழுதலாம். கோணலாக இருக்கட்டும், மறந்துபோன இடத்தில் ‘மறந்துவிட்டது’ என்று எழுதினால்கூட எங்களுக்குச் சம்மதம். இனிமேல் இத்தகைய ஒப்படைவு நோட்டுகள் பள்ளியிலேயே இருக்கும், வீட்டுக்கு வராது. உங்களுக்கும் ஓர் இரவுத் தூக்கம் மிச்சம்.

உதவ விரும்பும் பெற்றோருக்கு ஒரு வழி உண்டு. நேரம் கிடைக்கும்போது பிள்ளையை மறுபடியும் எழும்பூருக்கு அழைத்துச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் உங்களுக்குக் காட்டட்டும். எந்தக் கை எங்கே மடங்கியிருக்கிறது, எந்தச் சிலையில் எது இல்லை என்று நீங்கள் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்லும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று அந்த ஒரு நாளிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

விடியும் முன்பே எழுந்து சாப்பாடு கட்டிக் கொடுத்து, பஸ் நிற்கும் இடம் வரை வந்து வழியனுப்பிய அனைவருக்கும் நன்றி. தங்கள் வேலையை விட்டுவிட்டு எங்களோடு துணைக்கு வந்த தாய்மார்களுக்குத் தனி நன்றி. நீங்கள் இல்லாமல் அத்தனை பிள்ளைகளை அந்தப் பெரிய வளாகத்தில் மேய்த்திருக்க முடியாது. திரும்பி வரும்போது போக்குவரத்து நெரிசலில் தாமதமானபோது பள்ளி வாசலில் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் காத்திருந்தீர்கள். அதையும் மறக்கவில்லை.

பிள்ளைகளே வரைந்த நோட்டுகளை அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தன்று கூடத்தில் பார்வைக்கு வைக்கிறோம். நாள் பின்னர் அறிவிக்கப்படும். அவசியம் வாருங்கள்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்

பி.கு.: பயணத்தன்று பஸ்ஸில் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்கள், ஒரு குடை, ஒற்றைச் செருப்பு ஆகியவை அலுவலகத்தில் உள்ளன. செருப்புக்கு உரியவர் மற்றொன்றோடு வந்து பெற்றுக்கொள்ளலாம்.