அந்தக் கிருமியை விட்டுவிடாதே, மக்களே

நாகர்கோவில்

அன்புள்ள மகளுக்கு,

தொண்டையைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி பற்றிய உன் ஆராய்ச்சிக்கு டிசம்பரோடு ஃபண்டு முடிகிறது, ஒரு மருந்துக் கம்பெனியில் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி. சம்பளம் கூடுதல், அப்புறம் என்ன யோசனை என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

"ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பழைய கிருமி அப்பா, பெனிசிலினுக்கே சாகுது, இதுக்கு யாரு பணம் குடுப்பா" என்றாய். பெனிசிலினுக்கு அது இன்றுவரை அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் பெனிசிலின் வந்து சேரும் முன்னே, தொண்டையில் தொடங்கி மூட்டு, இதய வால்வு வரை தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைக் கிளப்பிவிட்டு, அது வேலையை முடித்துவிடுகிறதே!

இங்கே எங்கள் லேபில், தொண்டை வலி என்று வரும் பிள்ளைக்குக் கல்ச்சர் போட, அதாவது தொண்டையில் எடுத்ததை வளர்த்துக் கிருமியைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு வருவது அபூர்வம். வந்தால் எனக்குச் சந்தோஷம். மறுநாள் காலையில் கிருமி வளர்க்கும், ரத்தம் கலந்த பிளட் அகார் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். குண்டூசி முனை அளவு காலனி, அதைச் சுற்றி ரத்தம் கரைந்து, பின்னால் இருக்கும் என் விரல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த வட்டம். பாசிட்ராசின் மருந்து டிஸ்க்கைச் சுற்றி வளராமல் நின்றால், பெரும்பாலும் இந்த நோயைத் தரும் ஏ குரூப்பாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் வாரங்கள் கழித்து, முட்டி வீங்கி, அது வற்றிக் கணுக்கால் வீங்கிய பிறகுதான் கிருமி வந்துபோன தடயத்தை ரத்தத்தில் தேடும் ஏ.எஸ்.ஓ. டெஸ்டுக்கு வருகிறார்கள். அப்போது தொண்டையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்க்க எங்கள் லேபுக்கு மாதாமாதம் வரும் ஒரு பெண், கடற்கரை ஊர்க்காரி. சின்ன வயதில் அப்படித்தான் மூட்டு வலி வந்ததாம். வர்ம ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவினார்கள், வலி போய்விட்டது. அந்த வலி தானாகவே போகக்கூடியதுதான். இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. கல்யாணமாகி, மாசமாக இருக்கும்போது மூச்சு வாங்கித்தான் விஷயம் தெரிந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவில் வால்வு மாற்றினார்கள். அவர்களே உருவாக்கி, 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய அந்த சித்திரா வால்வுதான். நம்ம பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி இதைச் செய்தது எனக்குப் பெருமை. ஆனாலும் ரத்தம் உறையாமலிருக்க அவள் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். ஒரு தடுப்பூசி இருந்திருந்தால் இதில் எதுவும் வேண்டியதில்லை.

நீ அடிக்கடி சொல்லும் அமெரிக்க விஞ்ஞானி ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டை எடுத்துக்கொள். 1918இல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, டெக்சாஸ் ராணுவ முகாம்களில் எடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களை அங்கிருந்த விஞ்ஞானிகள் ஆவரி, டோஷே ஆகியோருடன் வகை பிரித்தார். ராணுவப் பணம் நின்றது. அவர் என்ன செய்தார்? பழ ஈக்களின் மரபியல் வேலைக்குப் போனார். 1922இல் திரும்பி வந்தார். 1928இல் கிருமியின் மேல்பரப்பில் உள்ள எம் புரதம், 1933இல் ஏ, பி என்று குரூப் பிரித்தது, எல்லாம் அதற்கு அப்புறம்தான். சாவதற்குச் சில மாதம் முன்பு வரை, எண்பது வயது தாண்டியும், லேபுக்குப் போய்க்கொண்டிருந்தார். பணம் நின்றபோது ஈ வேலையே போதும் என்று அவர் இருந்திருந்தால், நீ வைத்திருக்கும் கிருமி வகை அட்டவணைக்கு முதல் வரியே கிடையாது.

அதனால் கம்பெனிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போ, கடனை அடை. ஆனால் திரும்பி வருவதற்கு வழி வைத்துவிட்டுப் போ. எம் புரதத்தை வைத்துப் பிரிக்கும் வகைகள் 200க்கு மேல் என்று நீதான் சொன்னாய். 30 வகைகளைச் சேர்த்துச் செய்த தடுப்பூசிகூட அமெரிக்கா, ஐரோப்பாவில் அதிகம் காணும் வகைகளை வைத்துத்தான் திட்டமிடப்பட்டது என்றாய். நம்ம பிள்ளைகள் தொண்டையில் இருப்பதை யார் எண்ணுவது? உன்னைப் போல எண்ணத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

முதல் காரியமாக, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும் உன் கிருமி ஸ்ட்ரெயின்கள் யார் பொறுப்பில் போகும் என்று கைடிடம் எழுத்தில் வாங்கிக்கொள். லேபிளையும் நோட்டையும் நீயே ஒருமுறை ஒத்துப்பார். கம்பெனியில் இரண்டு வருட ஒப்பந்தமாகத் தருவார்களா என்று கேள். கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா