பழைய சைக்கிளை எடைக்குப் போடும் முன்: குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர், கொரட்டூர், பாடி, முகப்பேர் வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பார்க்கிங்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள்களை உரியவர்கள் 15 நாட்களுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும், தவறினால் அகற்றப்படும் என்று. இதே வாசகத்தை நண்பர்கள் வீட்டுக்குப் போகும்போது குறைந்தது நாலு குடியிருப்புகளில் படித்திருக்கிறேன். அகற்றப்படும் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காயலான் கடைக்காரர் டெம்போவோடு வருவார், அவரும் வாட்ச்மேனுமாகத் தூக்கிப் போடுவார்கள், கிலோ இவ்வளவு என்று பேசி ஒரு சின்னத் தொகை சங்கக் கணக்கில் வரவு வைக்கப்படும். இடம் காலியாகிவிட்டது என்ற நிம்மதியோடு விஷயம் முடிந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஏற்றிய வண்டிகளில் ஒன்றை நான் டெம்போவிலிருந்து இறக்கச் சொல்லி, காயலான் கடைக்காரரிடமே 600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இன்று வரைக்கும் அந்த வண்டியில்தான் எஸ்டேட்டுக்கு, அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு, வேலைக்குப் போய் வருகிறேன். போக நாலரை கிலோமீட்டர், வர நாலரை. மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத ரோடு. பைக்கில் போனபோது 15 நிமிஷம் ஆனது, இப்போது 20 நிமிஷம் ஆகிறது, சிக்னலில் நிற்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. எடைக்குப் போட்ட வண்டி எந்த நிலையில் இருந்தது, அதைச் சரிசெய்ய உண்மையில் என்ன தேவைப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்தால் அடுத்த நோட்டீஸை வேறு மாதிரி எழுதுவீர்கள் என்று நம்புகிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அது கறுப்பு ஹெர்குலிஸ், 28 இன்ச், பெரியவர்கள் ஓட்டும் பழைய மாதிரி வண்டி. இரண்டு டயரும் வெடித்து நூல் தெரிந்தது. செயின் துருவேறி ஒரே கட்டையாக இறுகியிருந்தது, சீட்டில் ஸ்பிரிங் மட்டும்தான் மிச்சம். பார்த்தவர்கள் எல்லோரும் இதைப் போய் வாங்குகிறாயே என்றார்கள். ஆனால் பிரேமில் ஒரு விரிசல் கிடையாது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நேராக இருந்தது. சைக்கிளில் இந்த இரண்டும்தான் முதல். மற்றதெல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான், இன்றைக்கும் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் சாமான்.

ரயில்வே கேட் பக்கம் மரத்தடியில் கடை போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். “குண்டு தேய்ஞ்சிருக்கு, கப்பு நல்லாருக்கு தம்பி, ஓவராயில் பண்ணா இன்னும் 20 வருஷம் ஓடும்” என்றார். குண்டு என்றால் சக்கர அச்சைச் சுற்றி உருளும் பேரிங் குண்டு, கப்பு அது உருளும் கிண்ணம், ஓவராயில் என்றால் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது. பின்சக்கர அச்சைக் கழற்றி, பக்கத்துக்கு ஒன்பதாக இருந்த பழைய குண்டுகளை ஒரு டப்பா மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டார். கறுப்பு மசி கரைந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து விரலில் உருட்டிப் பார்த்து, குழி விழுந்ததைத் தனியே ஒதுக்கினார். ஒதுக்கிய மூன்றுக்காக மீதியையும் சேர்த்துப் புதிதாகவே போட்டார், பழசும் புதுசும் கலந்தால் பாரம் எல்லாம் பெரிய குண்டின் மேல் ஏறி அது சீக்கிரம் உடையும் என்று காரணமும் சொன்னார். புது கிரீஸ் அப்பி, குண்டுகளை அதில் பதித்து, அவற்றை அழுத்திப் பிடிக்கும் கோனை இறுக்கி, பிறகு ஒரு நூல் அளவு தளர்த்தினார். அப்புறம் செய்ததுதான் எனக்கு மறக்கவே இல்லை. சக்கரத்தைச் சுற்றாமல் சும்மா விட்டார். காற்றடிக்கும் வால்டியூப் இருக்கும் பக்கம் கொஞ்சம் கனம் அதிகம், அந்தப் பக்கம் தானாகவே மெதுவாகக் கீழே இறங்கி, முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி நாலைந்து தடவை ஆடி நின்றது. “இப்படி ஆடி நிக்கணும், சட்டுனு நின்னா டைட்டு, ஆட்டிப் பாத்தா கடகடங்குதுன்னா லூசு” என்றார். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எந்தப் பழைய சைக்கிளைப் பார்த்தாலும் முதலில் சக்கரத்தைத் தூக்கி விட்டுத்தான் பார்க்கிறேன்.

இரண்டு டயர், இரண்டு டியூப், செயின், ப்ரீவீல், பிரேக் கட்டை நாலு, உடைந்த சக்கரக் கம்பிகளுக்குப் பதில் புதுசு ஆறு, ஒரு சீட், ரிம் கோட்டம் எடுத்தது, ஓவராயில் கூலி, எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் ஆனது. வண்டிக்குக் கொடுத்த 600 சேர்ந்தால் 2,900. இதே மாதிரி புது வண்டிக்குக் கடையில் ஆறாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். இந்த இரண்டு வருஷத்தில் மூன்று பஞ்சர், ஒரு பிரேக் கட்டை செட், அவ்வளவுதான் செலவு.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949ல் நம் அம்பத்தூரில் தொடங்கியது, ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் அவர்களுடைய பெயர்கள்தான். இந்த ஊரின் பல வீடுகளில் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ இருப்பார். அப்படிப்பட்ட ஊரில் அதே பெயர் போட்ட வண்டியை இரும்பு விலைக்கு ஏற்றிவிடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, எல்லா வண்டியையும் காப்பாற்ற முடியுமா என்றால் முடியாது, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். துருவை உப்புத்தாளால் தேய்த்தால் அடியில் பளபளப்பு தெரிய வேண்டும். தேய்க்கத் தேய்க்க ஏடு ஏடாக உரிந்தால், முக்கியமாகப் பெடல் அச்சு போகும் குழாயைச் சுற்றித் தண்ணீர் தேங்கி அரித்திருந்தால், அது ஓட்டுகிறவர் உயிருக்கு ஆபத்து, எடைக்குத்தான் போக வேண்டும். ஹேண்டில் பாருக்குக் கீழே பிரேம் குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது, அதையும் தொட வேண்டாம். பையன்கள் ஆசைப்பட்டு வாங்கி ஒரு வருஷம் ஓட்டிவிட்டுப் போட்ட கியர் வண்டிகள்தான் உங்கள் பார்க்கிங்கில் அதிகம் இருக்கும். அதில் முன் ஷாக் துருப்பிடித்துச் சிக்கியிருக்கும், கியர் மாற்றும் பிளாஸ்டிக் உடைந்திருக்கும், எல்லாவற்றையும் சரிசெய்யப் போனால் செலவு கட்டாது. கியரை எடுத்துவிட்டு ஒற்றைப் பல்சக்கரத்தோடு ஓடவிட்டால் வேலைக்குப் போக அது தாராளம். குழந்தைகளின் 16 இன்ச், 20 இன்ச் வண்டிகளில் பெரும்பாலும் ஒரு பழுதும் இருக்காது, குழந்தை வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். டியூபில் காற்று இறங்கியிருக்கும். காற்று இறங்கிய சைக்கிளைப் பாழான சைக்கிள் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

இதை யார் ஓட்டுவார்கள் என்று எங்கள் செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வரும் அக்கா கள்ளிக்குப்பத்திலிருந்து காலையில் நடந்து வருவார். ஷேர் ஆட்டோவுக்குப் போக வர காசு கொடுத்தால் சம்பளத்தில் மிஞ்சுவது குறைந்துவிடும் என்று நடை. போன மாதம் நோட்டீஸ் ஒட்டிய பிறகு ஒரு லேடீஸ் சைக்கிளைக் காட்டி, ஓட்டத் தெரியுமா அக்கா என்று கேட்டேன். “பிளஸ் ஒன்ல கவர்மென்ட் சைக்கிள் குடுத்தாங்க சார், ரெண்டு வருஷம் அதுலதான் பள்ளிக்கூடம் போனேன்” என்றார். ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று 2001-02ல் தொடங்கி, அப்புறம் மாணவர்களுக்கும் சேர்த்து விரிவான திட்டம் அது. அப்படி ஓட்டிப் பழகி, கல்யாணமாகிப் பட்டணத்துக்கு வந்து, வண்டி இல்லாததால் மட்டும் நடக்கிறவர்கள் உங்கள் கேட்டுக்குள்ளேயும் தினமும் வந்து போகிறார்கள். ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த லேடீஸ் சைக்கிளுக்கு 1,100 ரூபாய் செலவானது, மூன்று வீட்டுக்காரர்கள் பகிர்ந்து கொடுத்தார்கள். இப்போது அக்கா வீட்டில் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்ப அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறதாம். நைட் ஷிப்ட் பார்க்கும் வாட்ச்மேன்களின் கஷ்டம் இதைவிட அதிகம், அவர்கள் வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் எல்லா ரூட்டிலும் பஸ் இருப்பதில்லை.

உங்களுக்கு இருக்கும் சிரமங்களும் எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் டயருக்குள் தண்ணீர் நின்று கொசு வருகிறது, மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்தால் பேச்சு வாங்குவது செயலாளர்தான். கார் நிறுத்த இடம் இல்லை என்று ஒருவர், என் பையனுடைய சைக்கிளை ஏன் தொட்டீர்கள் என்று அமெரிக்காவிலிருந்து போன் பண்ணும் இன்னொருவர். அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். நோட்டீஸில் அகற்றப்படும் என்பதற்குப் பதிலாக, வேண்டாம் என்றால் வீட்டு எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், தேவைப்படுகிறவருக்குக் கொடுக்கிறோம் என்று எழுதுங்கள். 15 நாள் போதாது, வெளியூரில் இருப்பவர்களுக்கும் சேர்த்து இரண்டு மாதம் கொடுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொரு வண்டியின் படத்தையும் போடுங்கள், பாதிப் பேர் அட இது எங்களுடையதா என்று அன்றைக்கே பதில் போட்டுவிடுவார்கள். வண்டி கைமாறும்போது பிரேம் நம்பரைக் குறித்து, சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் இன்னாருக்குக் கொடுத்தோம் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த நம்பர் பெடல் அச்சுக் குழாயின் அடியில் குத்தியிருக்கும், கவிழ்த்துத் துடைத்தால் தெரியும். இந்தக் கடிதம் ரொம்ப முக்கியம். நல்ல சைக்கிளோடு ஒரு ஏழை மனிதர் ரோட்டில் போனால், எங்கே எடுத்தாய் என்று நிறுத்திக் கேட்கிற ஊர் இது.

அப்புறம், சைக்கிள் நிறுத்த நாம் ஒதுக்கும் இடம். எங்கள் குடியிருப்பில் மோட்டார் ரூமுக்குப் பின்னால், பைப் ஒழுகும் மூலையில்தான் ஒதுக்கினார்கள். பிரேம் பாதி அங்கேதான் அரிக்கிறது. கூரை இருக்கும் ஒரு சுவர் ஓரத்தில், பூட்டுப் போட ஒரு இரும்புக் குழாயை நீளவாக்கில் பதித்துவிட்டால் போதும், ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். 2014லேயே சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. ரோட்டில் அது எவ்வளவு நிறைவேறியது என்று மாநகராட்சியைக் கேட்க இன்னொரு மடல் எழுத வேண்டும். ஆனால் பார்க்கிங்கில் ஒரு குழாய் பதிக்க அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு சங்கக் கூட்டம் போதும்.

மரத்தடிப் பெரியவர் மாதிரி ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர் பக்கத்தில் முன்பு இரண்டு கடை இருந்ததாம், ஒருவர் பைக் பஞ்சர் மட்டும் பார்க்கப் போய்விட்டார், இன்னொருவர் ஊருக்கே போய்விட்டார். உங்கள் குடியிருப்பில் பத்து வண்டி கிடந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மாதிரி ஒருவரைக் கூப்பிட்டு, நாள் கூலி பேசி, பார்க்கிங்கிலேயே உட்கார வையுங்கள். எது ஓடும், எது எடைக்கு என்று அரை நாளில் பிரித்துக் கொடுத்துவிடுவார். குழந்தைகளைச் சுற்றி நின்று பார்க்க விடுங்கள், எங்கள் குடியிருப்பில் எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி இப்போது தானே பஞ்சர் ஒட்டுகிறாள்.

எங்கள் நோட்டீஸ் காலம் இந்த மாதக் கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 11 வண்டிகளில் ஐந்தை உரியவர்களே எடுத்துக்கொண்டார்கள், இரண்டு எடைக்குத்தான் லாயக்கு, லேடீஸ் சைக்கிள் அக்காவிடம் போய்விட்டது. மீதி மூன்றுக்கும் வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. ஒன்றுக்குச் செயினும் பிரேக் கட்டையும் போட வேண்டும், இரண்டுக்கு டியூப் மட்டும். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பெரியவர் வருகிறார், உங்கள் சங்கத்திலிருந்து யாராவது வந்து பார்ப்பதாக இருந்தால் அன்றைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
அம்பத்தூரில் குடியிருக்கும், தினமும் எஸ்டேட்டுக்குச் சைக்கிளில் போகும் ஒருவன்