தயிர்ச் சட்டிக் கணக்கு

ஆரையம்பதி
பங்குனி 28

அன்பின் மச்சான்,

உன்ட கடிதத்துக்குப் பதில் எழுதச் சுணங்கிப்போச்சு. கோவிக்காத. மாசி முழுக்க இல்ல விளையாட்டுப் போட்டி, மறுகா தவணைப் பரீட்சை. விடைத்தாள் கட்டை நேற்றுத்தான் திருத்தி முடித்தேன். அம்மாவுக்கு முழங்கால் நோ அப்படியேதான். ஆனாலும் கோயிலுக்கெண்டால் எல்லாருக்கும் முன்னால நடப்பா. வயல் வெட்டு முடிந்தது. நெல்லு விலையைப் பற்றி மட்டும் கேட்காத.

நான் இப்பவும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில்தான். மண்முனைத் துறையில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்து, நனைந்த சப்பாத்தோட வகுப்புக்குப் போன காலம் உனக்கு நினைவிருக்கும். 2014 இல் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் ஒரே ஓட்டம். காலையில் நான் மேற்கே போக, எதிரே தயிரும் மரக்கறியும் விறகும் கிழக்கே வரும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லவந்ததும் அந்தத் தயிரைப் பற்றித்தான்.

வணிகக் கல்வியில் முயற்சியாண்மை எண்டு ஒரு பாடம் வரும். முயற்சியாளனின் பண்புகள் எவை எண்டு கேட்டால், பிள்ளைகள் தன்னம்பிக்கை, இடர் ஏற்றல், புத்தாக்கம் எண்டு தேவாரம் மாதிரி ஒப்புவிப்பார்கள். ஏழு புள்ளியும் கிடைக்கும். நானும் பன்னிரண்டு வருடம் அப்படித்தான் படிப்பித்தேன். இந்த முறை அலுத்துப்போய், தரம் 10 பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு 2000 ரூபாய் என்ட கையால் கொடுத்தேன். விளையாட்டுப் போட்டி நாளில் ஏதாவது விற்று, முதலைத் திருப்பித் தரவேணும். ஒண்டாம் ஆண்டில வைக்கிற சிறுவர் சந்தைதானே எண்டு சக ஆசிரியர் ஒருவர் சிரித்தார். சிறுவர் சந்தையில் பெற்றார்தான் மரக்கறி கட்டிக் கொடுத்து, கடைசியில் தாங்களே வாங்கியும் போவார்கள். இங்க அது நடக்கப்படாது எண்டுதான் நினைத்தேன்.

கச்சான் வறுத்த குழு நல்லா விற்றது, காசுதான் வரவில்லை. ஒரு பிள்ளையும் கடன் கேட்கவில்லை, கேட்டதெல்லாம் எங்கட ஆசிரியர்மார். “பிறகு தாறன் புள்ள” எண்டு சுருளை வாங்கிக்கொண்டு போனவர்கள் இன்னும் தரவில்லை. என்ட கணக்கிலும் 200 ரூபாய் நிண்டது. கொப்பியில் என்ட பெயரைப் பார்த்ததும் கொடுத்துவிட்டேன். கடன்பட்டோர் எண்ட சொல்லின் அர்த்தத்தை இனி அந்தப் பிள்ளைகளுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் என்னை மடக்கினவன் தயிர்க்காரன். அவனுடைய வீட்டில் மாடு இருக்கு, தாய் தயிர் போடுகிறா, தகப்பன் பாலம் கடந்து இஞ்சால கடைகளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார். அவன் 2000 ரூபாய்க்குச் சட்டி வாங்கி, தாயின் தயிரை அதில் கொண்டுவந்தான். கணக்குக் கேட்டால், சட்டி 80 ரூபாய், விற்ற விலை 450, ஆகவே இலாபம் 370 எண்டு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறான். பால் எங்க மனே எண்டேன். “அது எங்கட மாட்டுப் பால்தானே, சேர்.”

எனக்குச் சந்தோசம். பன்னிரண்டு வருடமாகத் தேடின உதாரணம் தானாக வந்து கைக்குள் விழுந்த மாதிரி. ஒரு சட்டிக்கு இரண்டு லீற்றர் பால். பால் சேகரிக்கிறவரிடம் ஊற்றியிருந்தால் லீற்றருக்கு 150 படி 300 ரூபாய் வந்திருக்கும். அதை விட்டுத்தானே தயிர் போட்டீர்கள், அதுதான் அமையச் செலவு எண்டு கரும்பலகையில் எழுதினேன். 370 இலிருந்து 300 கழித்தால் 70. வீட்டில் நாளுக்குப் பன்னிரண்டு சட்டி, அப்ப 840. பெற்றோலுக்கு 300 கழி. மிச்சம் 540. தாய் விடிய நாலு மணிக்கு எழும்பிக் காய்ச்சுவதற்கும் தகப்பன் அரைநாள் அலைவதற்கும் சேர்த்து அவ்வளவுதான்.

பெடியன் கனநேரம் பலகையையே பார்த்தான். மறுகா கேட்டான்: “அப்ப சேர், பாலை ஊத்திப்போட்டு அம்மா நித்திரை கொள்ளலாமே?”

வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓம் எண்டும் சொல்லமுடியவில்லை, இல்லை எண்டும் சொல்லமுடியவில்லை. அம்மாட்டக் கேட்டுக்கொண்டு வா எண்டு அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், தப்பினால் போதும் எண்டுதான் அனுப்பினேன்.

அடுத்த நாள் பதில் வந்தது, மச்சான். பாலுக்குக் காசு பதினைந்து நாளைக்கு ஒருக்கா. தயிருக்குக் காசு அண்டாண்டைக்குக் கையில. வீட்டில் நுண்கடன் ஒண்டு இருக்கு, அதற்குக் கிழமைக்குக் கிழமை கட்டவேணும். மாரியில் ரோட்டுக்கு மேலால வெள்ளம் பாய்ந்தால் பால் எடுக்கிற வாகனம் வராது, கறந்த பால் அண்டைக்கே பழுதாகிவிடும். தயிரெண்டால் நாலு நாள் தாங்கும், விற்காவிட்டால் கடைந்து நெய்யாக்கலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியாகத் தாய் கேட்டிருக்கிறா: “உங்கட சேர் கிழமைக் கடன் கட்டுறவரா?”

காசுப் பாய்ச்சலை நான் கணக்கீட்டில் எத்தனையோ தரம் படிப்பித்திருக்கிறேன். இலாபம் வேறு, கையிலிருக்கிற காசு வேறு எண்டு எழுதிக் கோடும் இழுத்திருக்கிறேன். ஆனால் அண்டைக்குப் பலகையில் இலாபத்தை மட்டும்தான் பார்த்தேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்த மனிசி காசு வருகிற திகதியையும் கடன் கட்டுகிற திகதியையும் பக்கத்துப் பக்கமாக வைத்து, எது தாங்கும் எண்டு முடிவெடுத்திருக்கிறா. 2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ததே, அப்ப பேப்பரில் ‘நிதி அறிவில்லாத பெண்கள்’ எண்டு ஆராவது எழுதினால் நானும் தலையாட்டியிருப்பேன். இனி ஆட்டமாட்டேன்.

ஆனாலும் என்ட கணக்குப் பிழையெண்டு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த 540 ரூபாய் உண்மை. தாயின் நித்திரைக்கு விலையில்லை எண்டு அந்தப் பெடியன் பதினைந்து வருடமாக நம்பியிருந்தான், இப்ப அப்படி நம்பவில்லை. கடன் முடிந்தால் பாதிப் பாலை ஊற்றலாம், மிச்சத்துக்குத் தயிர் போடலாம் எண்டு அவனே ஒரு கணக்குப் போட்டு வந்திருக்கிறான். அதற்கு நான் புள்ளி போடவில்லை, எப்படிப் போடுகிறதெண்டும் தெரியவில்லை.

‘முயற்சியாளன்’ எண்ட கருத்தைப் பொருளியலுக்குள் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கான்டில்லன் எண்டு வாசித்திருப்பாய். அவருடைய நூல் 1755 இல், அவர் செத்த பிறகுதான் அச்சேறியது. தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்கிறவன் எண்டது அவருடைய விளக்கம். கல்லடிக் கடற்கரையில் மீனை ஏலத்தில் கூறி எடுத்துப் படுவான்கரைக்கு வருகிற மோட்டார் சைக்கிள்காரரைச் சொல்லித்தான் இதை நான் விளங்கப்படுத்துவேன். உச்சி வெயில் ஏற ஏற, தெரியாத விலை தெரிந்துகொண்டே வரும் பார்.

நீ எழுதின காசு விசயத்துக்கு வாறன். ஒரு இலட்சம் அனுப்புகிறேன், பிள்ளைகளுக்கு முதலாகக் கொடு எண்டாய். உன்ட மனசு எனக்குத் தெரியும். ஆனால் அனுப்பாத. தூரத்திலிருந்து வருகிற காசு இங்க எப்பவும் உதவியாகத்தான் வந்து சேரும், அதைத் திருப்பிக் கொடுக்கவேணும் எண்டு ஒருவருக்கும் தோன்றாது. பெற்றாரும் உடனே, இந்தப் பாடத்துக்குக் காசு வருதாமே எண்டு கேட்கத் தொடங்குவார்கள். அவர்களின் ஆசை இப்பவும் அரசாங்க உத்தியோகம்தான். 2017 இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் வேலையில்லாப் பட்டதாரிகள் நாட்கணக்கில் இருந்ததைப் பார்த்த பிறகும் ஆசை மாறவில்லை. நான் குறை சொல்லமாட்டேன், அந்தச் சம்பளத்தில்தானே நானும் இருந்துகொண்டு கதைக்கிறேன்.

காசுக்குப் பதிலாக வேறொண்டு கேட்கிறேன். நீ அங்க போய் முதல் போட்ட கடை பூட்டுப்பட்டதே, அந்த வருடத்துக் கணக்கு இன்னும் உன்னட்ட இருக்கா? வாடகை, சீட்டுக்காசு, சொந்தக்காரருக்குக் கொடுத்த கடன், எல்லாம் எழுதின கொப்பி. நீ அதைப் பற்றி என்னோடயே ஒழுங்காகக் கதைத்ததில்லை. மனமிருந்தால் பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் சொல்லு. என்ட போனை மேசையில் வைத்துக் கேட்கப் பண்ணுகிறேன். எங்களுக்கு வெள்ளி காலை எட்டு மணிப் பாடம், உனக்கு வியாழன் இரவு பத்தரை. பிள்ளைகள் நோகக் கேள்வி கேட்பார்கள், தயிர்க்காரன் கட்டாயம் கேட்பான்.

ஒண்ணாதெண்டால் அதையும் எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லு.

உன்ட,
மச்சான்