நூறாவது மணி நேரத்தில் என்ன ஆச்சு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தாவரக் கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கும் வினையூக்கிகளை ஆராயும் வேதிப்பொறியியல் பேராசிரியரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மனிதரை நன்றாக அறிமுகப்படுத்தியிருக்கிறீர்கள். அவருடைய வினையூக்கி எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதுதான் எங்கும் இல்லை. சுத்திகரிப்பு ஆலையில் காலம் தள்ளியவன் நான், முதலில் அதைத்தான் தேடினேன்.

இந்த வேலை ஏன் கஷ்டம் என்றும் ஒரு வரி எழுதியிருக்கலாம். எல்லாம் ஆக்சிஜனால் வரும் தொல்லை. கச்சா எண்ணெயில் அது மிகச் சொற்பம். காய்ந்த மரத்திலோ எடையில் 40 சதவீதத்துக்கு மேல். குளுக்கோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 180 கிராமில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் தண்ணீராக வெளியேற்றினால் ஹைட்ரஜனும் அதோடு போய்விடும்; மிஞ்சுவது 72 கிராம் கரி, அவ்வளவுதான். திரவ எரிபொருள் வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஹைட்ரஜன் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் கார்பனை கார்பன் டை ஆக்சைடாகப் பறிகொடுக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வினையூக்கியாகப் போடும் ஜியோலைட் நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமம். கரி படிந்து அதன் துளைகள் அடைபடும். சரி, அடைபடட்டும். எண்ணெயை உடைக்கும் எங்கள் யூனிட்டிலும் சில விநாடிகளிலேயே படியும். சுமார் 700 டிகிரி செல்சியஸில் கரியை எரித்துவிட்டு வினையூக்கியைத் திரும்ப அனுப்புவோம். அந்தச் சூட்டில்தான் அடுத்த எண்ணெய் உடையும். பொட்டாசியம் அப்படியில்லை. வைக்கோலில் அது தாராளம். எரித்தாலும் போகாது. ஜியோலைட்டில் வினையை நடத்தும் அமில இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக முடக்கிவிடும். வைக்கோலுக்குப் பதில் அதன் நார்ப்பொருளான செல்லுலோஸை மட்டும் சுத்தமாக எடுத்து வைத்துச் சோதனை செய்தால் இந்தத் தொல்லை கண்ணிலேயே படாது.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். கழிவிலிருந்து ரசாயனம் எடுப்பதே புதுமை என்பது போலக் கட்டுரை தொடங்குகிறது. ஓட்ஸ் உமியைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கி ஃபர்ஃபுரால் என்ற ரசாயனத்தை எடுப்பதை, அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1922-லேயே வணிகமாகச் செய்தது.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. பேராசிரியரை மறுபடி சந்தித்தால், உள்ளே போட்டது நிஜ வைக்கோலா, எத்தனை முறை எரித்துச் சுத்தம் செய்த பிறகும் அதே அளவு விளைச்சல் வந்தது என்ற இரண்டை மட்டும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுத்திகரிப்பு ஆலைப் பொறியாளர் ஒருவர்