ஒரு பந்து மீதம் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 15 வயதுக்குட்பட்டோர் கிளப் கிரிக்கெட் ஆட்டம் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட செய்தியில் ஒரு பிழை. கடைசிப் பந்தில் வெற்றி கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி ஓவரின் 5ஆவது பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. ஒரு பந்து வீசப்படாமல் மீதம் இருந்தது. ஸ்கோர் எழுதியவன் நான் என்பதால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. அதிலும் ஜெயித்த அணியின் ஸ்கோரர். தோற்ற வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு பந்துக்காக யாரும் பேனா எடுக்க மாட்டார்கள்தான். எடுக்க வைத்தது உங்கள் தலைப்பு: "கடைசி ஓவரில் கைநழுவிய வெற்றி." அதற்குக் கீழே, அந்த ஓவரை வீசிய பையனின் பெயர் மூன்று முறை. அவனுக்கு வயது 14. செய்தியில் வேறு எவன் பெயரும் ஒரு முறைக்கு மேல் வரவில்லை. எண்ணிப் பார்த்தேன், எண்ணுவதுதானே என் வேலை.

அந்த ஓவர் என் புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். எங்களுக்கு 6 பந்தில் 7 ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். ஒரு புள்ளி, ரன் இல்லை. பிறகு 1. பிறகு ஒரு சிலுவைக் குறி, அதாவது வைடு. வைடுக்கும் நோ-பாலுக்கும் ஒரு ரன் கூடும், ஆறு பந்துக் கணக்கில் அவை சேராது. பிறகு 2. அதன் பிறகு வட்டத்துக்குள் ஒரு 1: இடுப்புக்கு மேலே வந்த ஃபுல்டாஸ், நோ-பால், அதில் ஒரு ரன்னும் ஓடினார்கள். ஸ்கோர் சமம். பிறகு இன்னொரு புள்ளி, மட்டையின் விளிம்புக்கு ஒரு நூல் தள்ளிப் போன பந்து. விக்கெட் கீப்பர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். அடுத்தது 1. முடிந்தது. நீங்கள் எழுதிய நோ-பால் உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்த பந்தில், ஸ்கோர் சமமாகிக் கால் நடுங்கும் நேரத்தில், அவன் வீசிய லெக் பிரேக் என்ற சுழற்பந்துதான் அன்றைய நாளிலேயே சிறந்த பந்து. அது செய்தியில் இல்லை. ரன் எடுக்காத பந்து ஒரு புள்ளிதானே, புள்ளியை யார் படிக்கிறார்கள்!

இப்போது மற்ற பக்கங்களுக்கு வாருங்கள். 40 ஓவர் ஆட்டம். எதிரணி முதலில் ஆடி 167 எடுத்தது, 38.4 ஓவரில், அதாவது 38 ஓவரும் 4 பந்தும் முடிந்தபோது, எல்லாரும் அவுட். 8 பந்துகள் அப்படியே வீணாகப் போயின. அந்த 8 பந்தில் ஒரே ஒரு ரன் எடுத்திருந்தாலும் கதை வேறு. சரி, அதையாவது விக்கெட் போய்விட்டது என்று விட்டுவிடலாம். 31ஆவது ஓவரில் நடந்ததை என்னால் விட முடியவில்லை. அவர்களுடைய பையன் ஒருவன் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது மட்டையைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்பே நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடினான். நடுவர் விரல் நுனியால் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். ஷார்ட் ரன். இரண்டுக்குப் பதில் ஒன்றுதான் எழுதினோம். மைதானத்தில் பாதிப் பேர் அந்தச் சைகையைப் பார்க்கவே இல்லை. ஓடியவனே பார்த்தானா என்று சந்தேகம். அந்த ரன் சேர்ந்திருந்தால் எங்கள் 168 வெறும் சமம்தான். மீதம் இருந்த அந்த ஒரு பந்தையும் வீச வேண்டியிருந்திருக்கும்.

அவர்களுடைய பந்துவீச்சுக்கு வந்தால், எங்கள் 168இல் 29 உதிரி ரன்கள், மட்டையால் அடிக்காமல் கிடைத்தவை. வைடு மட்டும் 17. இதில் கடைசி ஓவர் பையனின் பங்கு ஒன்றே ஒன்று. ஒன்பது வைடு வீசியவன் யார் என்றால், உங்கள் செய்தியில் "அபாரமாகப் பந்துவீசி 3 விக்கெட் எடுத்தார்" என்று பாராட்டப்பட்டவன். பாராட்டு நியாயமானது, அவனைக் குறை சொல்லவில்லை. கணக்கைச் சொல்கிறேன். மூன்றாவது ஓவரில் எங்கள் தொடக்க ஆட்டக்காரன் 4 ரன்னில் இருந்தபோது ஸ்லிப்பில் கேட்ச் விட்டார்கள். அவன் 52இல்தான் வெளியேறினான். 23ஆவது ஓவரில் தேவையே இல்லாத ஒரு எறி, பின்னால் தடுக்க ஆள் இல்லை, ஓடிய ஒன்றும் ஓவர்த்ரோ நான்குமாக ஐந்து ரன். பையன்கள் ஆட்டம் இப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

சுழற்பந்து வீசும் சிறுவனிடம் ஏன் கடைசி ஓவரைக் கொடுத்தார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். வேறு யாரிடம் கொடுப்பது? ஒருவருக்கு 8 ஓவர்தான். வேகப்பந்து வீசுகிறவர்கள் தொடர்ந்து 6 ஓவருக்கு மேல் வீசக் கூடாது. வளரும் வயதில் முதுகெலும்பில் கீறல் முறிவு விழும் என்பதற்காக வைத்த விதி. எங்கள் கடைசி விக்கெட் ஜோடியைப் பிரிக்க அந்த கேப்டன் தன் நல்ல பந்துவீச்சாளர்களை முன்கூட்டியே முடித்துவிட்டான். ஒருவனுக்கு 34ஆவது ஓவரில் கால் பிடித்துக்கொண்டது. 148க்கு 9 விக்கெட் என்ற நிலையில் நான் கேப்டனாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஒரு விக்கெட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, கடைசி ஓவரே வந்திருக்காது.

பெரியவர்கள் ஆட்டத்திலும் இதே பழக்கம்தான். 1986இல் சென்னையில் நடந்த டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா 574உம் 170உம், இந்தியா 397உம் 347உம். தனித்தனியே கூட்டினால் இரண்டு பக்கமும் 744, ஆட்டம் சமம். ஐந்து நாள் ஆட்டத்தில் இன்றைக்கும் பேசப்படுவது, கடைசி ஓவரின் 5ஆவது பந்தில் இந்தியாவின் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங்குக்குக் கொடுத்த எல்பிடபிள்யூ. 1999 உலகக் கோப்பை அரையிறுதியின் கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவின் ஆலன் டொனால்டு ரன் அவுட் ஆனதை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய பந்திலேயே அவரை ரன் அவுட் செய்யக் கிடைத்த வாய்ப்பை ஆஸ்திரேலியாவின் டேரன் லேமன் தவறவிட்டதைச் சொல்கிறவர்கள் குறைவு. டொனால்டும் மணிந்தரும் வளர்ந்த மனிதர்கள், நாட்டுக்காக ஆடுகிறோம் என்று தெரிந்து இறங்கியவர்கள். அவர்கள் தாங்கிக்கொள்ளட்டும். இவன் திங்கட்கிழமை வகுப்பில் போய் உட்கார வேண்டியவன்.

தோல்வியை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. "கடைசி ஓவரில் ஒரு வைடும் ஒரு நோ-பாலும் வீசப்பட்டன" என்று எழுதினால் செய்திக்கு என்ன குறைந்துவிடும்? சாதித்தவன் பெயரைத் தாராளமாகப் போடுங்கள், அதுவே அவன் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும். அப்படிப் போட வேண்டிய ஒரு பெயரை நீங்கள் போடவில்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் 11ஆவது ஆட்டக்காரன் 11 பந்து சந்தித்து 3 ரன் எடுத்தான். அந்த லெக் பிரேக்கில் தப்பித்ததும் அவன்தான், அடுத்த பந்தில் வெற்றி ரன் அடித்ததும் அவன்தான். அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கிரிக்கெட் விதிப்படி ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஸ்கோரர்கள். எதிரணிக்கு எழுதியவர் அந்த அணியில் ஆடும் ஒரு பையனின் அக்கா. ஓவருக்கு ஓவர் இரண்டு பேரும் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டே வந்தோம். ஒரே ஒரு லெக் பை விஷயத்தில் சண்டை வந்தது, அவர் சொன்னதுதான் சரி. உங்கள் செய்தி வந்த மறுநாள் என்னை ஃபோனில் கூப்பிட்டார். பந்துவீச்சுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். உங்கள் புத்தகத்திலேயே இருக்குமே என்றேன். இருக்கிறது, ஆனால் தன் அணிக்காரர் எழுதினதைக் கடைசி ஓவர் வீசிய பையன் நம்ப மாட்டேன் என்கிறான், நீங்கள் எழுதினதைக் காட்ட வேண்டும் என்றார்.

அவன் கேட்டது கடைசி ஓவரைப் பற்றி அல்ல. 15ஆவது ஓவரில் எங்கள் நான்காம் ஆட்டக்காரனை ஏமாற்றிக் கோட்டுக்கு வெளியே இழுத்தான், கீப்பர் பந்தைப் பிடித்து ஸ்டம்பைத் தட்டினார், அதாவது ஸ்டம்பிங். அந்த விக்கெட் கீப்பர் பெயரில் போகுமா, தன் பெயரில் வருமா என்று அவனுக்குத் தெரியவில்லையாம். ஸ்டம்பிங் பந்துவீச்சாளர் கணக்கில்தான் சேரும். 2.5 ஓவர், 13 ரன், 1 விக்கெட். படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், மீதம் இருந்த ஒரு பந்தோடு இந்த விக்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிளப் ஸ்கோரர்