அது யாருடைய கிருமி? இரண்டு துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் கால்நடை பராமரிப்புத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், வணக்கம்.

இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதக் காரணம் உண்டு. தனித்தனியாக எழுதினால் தனித்தனிக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஐப்பசி மழை பிடித்ததும் டெல்டாவில் காய்ச்சல்காரர்களுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். எலைசா என்ற ரத்தப் பரிசோதனையில் 'லெப்டோ பாசிட்டிவ்', அதாவது எலிக்காய்ச்சல் என்று வருகிறது. மாத்திரை கொடுக்கிறார்கள், தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள், எலிப்பொறி வைக்கச் சொல்கிறார்கள். சிகிச்சைக்கு அந்த முடிவு போதும். தடுப்பதற்குப் போதாது. அந்தக் காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா என்ற கிருமியில் சீரோவார் எனப்படும் ரகங்கள் 250க்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தோதான விலங்கு உண்டு. இக்டெரோஹெமரேஜியே எலியிடம், கனிகோலா நாயிடம், பொமோனா பன்றியிடம், ஹார்ட்ஜோ மாட்டிடம். சிறுநீரகத்தில் குடியிருந்து, மூத்திரத்தோடு மாதக்கணக்கில் வெளியேறி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் கிடந்து, பித்தவெடிப்பு வழியாகவோ சிராய்ப்பு வழியாகவோ நமக்குள் வந்துவிடும்.

நான் மாட்டு வைத்தியன் என்பதால் மாட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். ஹார்ட்ஜோ கண்ட பசுவில் திடீரென்று ஒருநாள் பால் விழுந்துவிடும். மடி வீங்காது, சுடாது. நாலு காம்பும் தளர்ந்து தொங்கும். வருகிற பாலோ சீம்பால்போல மஞ்சளாகக் கெட்டித்திருக்கும், சிலசமயம் ரத்தம் கலந்திருக்கும். மடிநோய் என்று நினைத்துக் காம்பில் மருந்து ஏற்றுவார்கள். சில வாரம் போனால் சினை கலையும். அந்தப் பசு கறவை நேரத்தில் வாலைத் தூக்கினால் கறப்பவர் முகத்தில்தான் தெறிக்கும். அவருக்குக் காய்ச்சல் வந்தபின் வீட்டைச் சுற்றி எலிப்பொறி வைத்து என்ன பயன்?

என் பணிக்காலத்தில் இப்படி ஒரு வீடு. பசுவின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு ஆய்வகத்துக்குப் போனது, கறக்கும் அண்ணனின் ரத்தம் இன்னொன்றுக்கு. இரண்டும் பாசிட்டிவ். இரண்டிலும் இருப்பது ஒரே ரகம்தானா என்று கேட்டேன். அது எங்கள் வேலை இல்லை என்று இரு பக்கமும் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நிஜமாகவே அந்த வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

ரகம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே பால்பண்ணைக்காரர்களைப் படுத்தியது ஹார்ட்ஜோவும் பொமோனாவும் என்று தெரிந்திருந்தது. 1970களின் இறுதியிலிருந்து அந்த ரகங்களுக்கான தடுப்பூசியை மாடுகளுக்குப் போடத் தொடங்கினார்கள். மனிதர்களிடம் நோய் வெகுவாகக் குறைந்தது. பிற்பாடு எலியும் முள்ளெலியும் சுமக்கும் பல்லம் என்ற ரகம் தலைதூக்கியது. மாட்டுத் தடுப்பூசியில் அது இல்லை. ரகம் பார்த்துப் பதிவதை அவர்கள் விடாததால்தான் இந்த மாற்றம் கண்ணில் பட்டது. வடகிழக்குத் தாய்லாந்தில் 1999 முதல் நாலைந்து வருடம் இந்தக் காய்ச்சல் பெரிதாகப் பரவியபோது, கிருமியின் ஏழு மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளில் பெரும்பாலானவை ஒரே வம்சம். அதே வம்சம் பெருச்சாளியிடமும் இருந்தது. நம் ஊர் வரப்புகளில் பெருச்சாளி வளைக்குப் பஞ்சமா என்ன!

எந்த ரகம், எந்த வம்சம் என்று எலைசா சொல்லாது. உயிருள்ள கிருமிகளோடு சீரத்தைக் கலந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் எம்.ஏ.டி. சோதனை மாதவரம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. அதுவும் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று கைகாட்டும், அவ்வளவுதான். நோயின் தொடக்கத்தில் ஆள் மாற்றியும் காட்டும். கிருமியையே பிடித்தாக வேண்டும். காய்ச்சலின் முதல் வாரத்தில், ஆன்டிபயாடிக் போடும் முன், ஓரிரு துளி ரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் விட வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது. 30 டிகிரி வாக்கில் வாரக்கணக்கில், சிலசமயம் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் கிருமி சிக்குவது கஷ்டம். அதனால் ரத்தத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் நேரடியாக மரபணுவைப் படிக்கும் வழியையும் சேர்த்துக்கொள்ளலாம். கொரோனா உருமாற்றங்களைப் பார்க்க 2021 செப்டம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் திறந்தீர்களே, அந்தத் திறமையை இதற்கும் கொஞ்சம் திருப்பிவிடுங்கள்.

பெரிய திட்டம் வேண்டாம். டெல்டாவில் இரண்டு வட்டாரம், இரண்டு மழைக்காலம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தம், அதே ஊர்க் கால்நடை மருந்தகத்தில் எடுக்கும் மாட்டு மூத்திரம், அதே ஊர் வயலில் பிடிபடும் எலி, பெருச்சாளிகளின் சிறுநீரகம், மூன்றுக்கும் ஒரே வரிசையில் எண் கொடுத்து ஒரே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வந்தால் டாக்டருக்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒரே நாளில் தெரிய வேண்டும். கீரி, முள்ளம்பன்றி என்று போனால் வனத்துறையைக் கூப்பிட வேண்டும். அதை அப்புறம் பார்க்கலாம்.

எலி பிடிக்கப் புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. வயலில் கிட்டி வைத்து எலி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நியாயமான கூலியும் கையுறையும் கொடுத்து, அவர்கள் ரத்தத்தையும் முதலிலேயே பரிசோதித்துவிடுங்கள். வெறுங்கையால் அந்த விலங்கைத் தொடுகிறவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்,
திருவாரூர் மாவட்டம்